மணலை அளந்த வாழ்க்கை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இத்தகைய விழாவில் தமிழ் விரிவுரையாளர் ஒருவர் இலக்கியம் பற்றிப் பேசுவதே மரபு. நானோ பிரித்தானியச் சூழலியலாளர் ஒருவரின் வாழ்நாட் பணியைப் பொருளாக எடுத்துக்கொண்டுள்ளேன். காரணம் உண்டு. முனைவர் பட்டத்திற்காக நெய்தல் திணையின் கருப்பொருள்களை ஆராய்ந்தபோது, எக்கரும் கழியும் எவ்வாறு தோன்றுகின்றன, எவ்வாறு மாறுகின்றன என்னும் வினா என்னுள் எழுந்தது. அதற்கு விடை தந்தது, டெரெக் ரான்வெல் எழுதி 1972இல் வெளிவந்த ஒரு நூல். உவர் சதுப்புகள், மணற்குன்றுகள் ஆகியவற்றின் சூழலியல் என்பதே அதன் பெயரும் பொருளும்.

செடிகொடிகளை ஆராய்வோர் பெரும்பாலும் நிலத்தை நிலையானது எனக் கொண்டு, அதன்மேல் வளர்வதை ஆராய்வர். ரான்வெல் தேர்ந்துகொண்ட இரு நிலங்களிலோ நிலமே வளர்கிறது; நிலமே நடக்கிறது. எனவே அவருடைய முதன்மையான பணி அளத்தலாயிற்று. குறித்த இடத்தில் மணலின் மட்டம் எவ்வளவு, சேற்றின் மட்டம் எவ்வளவு என்று ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் அளந்தார். புகழ் தரும் வேலையன்று அது. ஆயினும் அந்தப் பொறுமையின்றி, கண்ணுக்குத் தெரியாத மெதுநடையைக் கண்டிருக்க இயலாது.

வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவிலுள்ள நியூபரோ வாரன் என்னும் மணற்பரப்பே அவருடைய தொடக்கக் களம். 14ஆம் நூற்றாண்டிலேயே புயல் மணலை வாரி வயல்களைப் புதைத்த வரலாறு அவ்வூருக்கு உண்டு. மணலைப் பிடித்து நிறுத்துவது மார்ரம் என்னும் உயரமான புல். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் அப்புல்லை அழிப்பதற்குத் தடை விதித்தனர். எனினும் அவ்வூர் மக்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அதனைக் கொண்டு பாயும் கயிறும் முடைந்து பிழைத்தனர். நம் கோரைப்பாய்த் தொழிலை நினைவூட்டும் செய்தி இது.

மார்ரம் புல்லின் இயல்பு வியப்புக்குரியது. மணல் தன்னைப் புதைக்கப் புதைக்கவே அது செழிக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் மணல் ஏறினாலும் தாங்கி, புதுக் கணு விட்டு, புது வேர் ஊன்றி மேலெழுகிறது. மணல் வரத்து நின்றுவிட்டாலோ நலிகிறது. பழைய மணலில் பெருகும் நுண்புழுக்களும் பூஞ்சைகளும் அதன் வேரைத் தாக்குவதும் ஒரு காரணம் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1993இல் விளக்கினர். புதுமணல் அதற்குச் சுமையன்று. உணவும் காப்பும் ஆகும்.

குன்றுகளுக்கு இடையிலுள்ள தாழ்நிலங்களின் கதையும் இத்தகையதே. காற்று மணலைத் தோண்டிக்கொண்டே செல்கிறது. நிலத்தடி நீரால் நனைந்த மணலை எட்டியதும் அதற்குமேல் தோண்ட இயலாமல் நின்றுவிடுகிறது. காற்று எவ்வளவு தோண்டலாம் என்பதை நீரே முடிவு செய்கிறது. மாரியில் நீர் தேங்கும் அப்பள்ளத்தில் தனிவகைச் செடிகள் குடியேறுகின்றன. காலப்போக்கில் நகர்ந்துவரும் மற்றொரு குன்று அதனை மூடுகிறது. குன்று கடந்த பின் மீண்டும் பள்ளம் பிறக்கிறது. இச்சுழற்சியைத்தான் ரான்வெல் அளந்து காட்டினார்.

அங்கு எதிர்பாராத நிகழ்வொன்றும் நேர்ந்தது. வாரன் என்னும் சொல்லே முயல்கள் வாழும் இடத்தைக் குறிப்பது. 1953இல் பிரித்தானியாவை அடைந்த மிக்சோமட்டோசிஸ் என்னும் கொள்ளைநோய் அடுத்த ஆண்டே நியூபரோவின் முயல்களை அழித்தது. மேய்வார் இல்லாத நிலத்தில் புற்கள் ஓங்கின. தரையோடு ஒட்டி வாழும் சிறுசெடிகளும் பாசிகளும் பின்வாங்கின. இம்மாற்றத்தை அவர் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் பதிவு செய்தார்.

அடுத்து அவர் சென்றது சேற்று நிலத்திற்கு. அங்கு அவர் ஆராய்ந்தது ஸ்பார்ட்டினா என்னும் புல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த இனம் ஒன்று சவுதாம்ப்டன் கழிமுகத்தில் உள்நாட்டு இனத்தோடு கலந்ததால் விளைந்த கலப்பினம் 1870இல் கண்டறியப்பட்டது. விதையற்ற மலடாகத் தோன்றிய அது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குரோமோசோம்கள் இரட்டித்து வளமான புதிய இனமாயிற்று. சேற்றைத் தடுத்து நிலமாக்கும் ஆற்றல் கருதிப் பல கரைகளில் அதனை நட்டனர். சாமர்செட்டின் பிரிஜ்வாட்டர் விரிகுடாவில் 1929இல் நடப்பட்ட புல்லிடையே சேறு படியும் விரைவையும், ஆடுகள் மேய்வதால் விளையும் மாற்றத்தையும் ரான்வெல் ஆராய்ந்து 1961இலும் 1964இலும் கட்டுரைகள் வெளியிட்டார். அவர் கண்டது இது: புல் சேற்றைச் சேர்த்து நிலத்தை உயர்த்துகிறது, உயர்ந்த நிலத்தில் ஆடு மேயாத இடங்களில் நாணல் முதலியன புகுந்து, நிலத்தை ஆக்கிய புல்லையே வெளியேற்றுகின்றன. இங்கிலாந்தின் தென்கரையிலோ, காற்றுப் புகாத நுண்சேற்றில் நின்று அப்புல் பரவலாக மடிந்தது. அச்சேறும் அது தானே சேர்த்துவைத்ததுதான்.

அன்பர்களே, இவ்விரு நிலங்களும் உணர்த்தும் உண்மை ஒன்றே. கடற்கரையின் உயிர் அதன் அசைவில் இருக்கிறது. அசைவை நிறுத்துவதே பாதுகாப்பு என்று நெடுங்காலம் எண்ணினர். நியூபரோவிலும் 1940களின் இறுதி முதல் மணற்பரப்பின் ஒரு பகுதியில் பைன் மரங்களை நட்டுக் காடாக்கினர். முயல் குறைந்ததும் பிற காரணங்களும் சேர்ந்து, 1951இல் பெரும்பகுதி வெற்று மணலாக இருந்த குன்றுகள் 1991க்குள் பத்தில் ஒரு பங்கினும் குறைவாகவே வெற்று மணல் எஞ்சுமாறு புல் மூடிப்போயின. வெற்று மணலையே நம்பி வாழும் சிறு உயிர்கள் இடமிழந்தன. 2018இல் வேல்ஸில் தொடங்கிய சாண்ட்ஸ் ஆஃப் லைஃப் என்னும் திட்டம், அக்குன்றுகளில் காற்று நுழைய வாயில் வெட்டி மணலை மீண்டும் நடக்கவிட முற்பட்டது. முன்னோர் கட்டிப்போட்டதைப் பின்னோர் அவிழ்த்துவிட நேர்ந்தது.

நம் கரைக்கும் இப்பாடம் பொருந்தும். நம் மணல்மேடுகளில் மார்ரம் புல்லின் பணியைச் செய்வன அடும்பும் இராவணன் மீசையும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் பல இடங்களில் சவுக்கு நட்டனர். காப்பு வேண்டும் என்னும் மக்களின் அச்சம் நேர்மையானது. அதனைப் பழித்தல் தகாது. ஆயினும் சவுக்கின் சருகு மூடிய மணலில் அடும்பு படர்வதில்லை; ஆமை முட்டையிட இடம் காண்பதரிது. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணற்குன்றுகளையும் உவர் சதுப்புகளையும் கூர்மையான காப்புக்குரியனவாக வகுத்தது. சட்டத்தின் ஏட்டில் இடமுண்டு. ஊரார் பேச்சிலோ அவை இன்றும் வெறும் பொட்டல், வெறும் சேறு.

கவிஞர்களாகிய உங்களிடம் நான் வேண்டுவது இங்கேதான். அடும்பின் இலையை மானின் குளம்போடு ஒப்பிட்ட சங்கப் புலவர், குனிந்து அந்த இலையைப் பார்த்தவர். எக்கர், கழி, கானல் என்று ஒவ்வொரு நிலக்கூற்றுக்கும் அவர்களிடம் தனிச்சொல் இருந்தது. இன்றைய நம் நெய்தற் கவிதைகளில் கடலும் அலையும் பிரிவும் நிரம்ப உள. உமரி படர்ந்த சேறு எத்தனை கவிதைகளில் உளது? பெயரிட்டு அழைக்கப்படாத நிலத்தை மேடு தட்டுவது எளிது. அதற்காக வருந்துவாரும் இரார். இரங்கல் நெய்தலின் உரிப்பொருள் என்றனர் முன்னோர். நிலத்திற்காக இரங்கவும் நிலத்தை முதலில் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

வட்டத்தின் அடுத்த பத்தாண்டில், ஆண்டுக்கு ஒரு கூட்டமேனும் கழியோரத்தில் நிகழட்டும் என்பது என் விண்ணப்பம். மீனவப் பெரியோரிடம் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்வோம். அதே இடத்திற்கு ஆண்டுதோறும் சென்று பார்ப்போம். ரான்வெல் செய்ததும் அதுவே.