மாடுகளின் தோல் கழலை நோயும் நாட்டு மருந்தும்

(கல்முனைப் பகுதிக் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வேளாண்மையைப் பற்றியும் மரக்கறித் தோட்டத்தைப் பற்றியும் பேசுவதற்கே வழக்கமாக நான் உங்கள் முன் வந்து நிற்பவன். இன்று மாட்டைப் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். மாடு மிருக வைத்தியரின் அலுவலாயிற்றே, போதனாசிரியருக்கு அதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். உங்களில் பலரின் வீட்டில் பாலுக்காக இரண்டொரு பசுக்கள் நிற்கின்றன. சிலரிடம் பட்டியே உண்டு. தோட்டத்துக்கு வேண்டிய எருவும் அங்கிருந்தே வருகின்றது. பெரும்போக அறுவடை முடிந்ததும் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களில் அரிதாள் மேய்வதற்குப் பட்டிகள் இறங்குகின்றன. பல பட்டிகள் ஒரே வெளியில் கலக்கும் காலம் அதுவே. ஆதலின் இந்நோயைப் பற்றிய பேச்சு வயலை விட்டு விலகிய பேச்சன்று.

தோல் கழலை நோய் நமது நாட்டுக்குப் புதியது. ஆபிரிக்காவிலே, இன்று சாம்பியா எனப்படும் நாட்டில், 1929இல் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நெடுங்காலம் அக்கண்டத்திலேயே அடங்கிக் கிடந்து, பின்னர் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பரவி, 2019இல் வங்காளதேசத்திலும் இந்தியாவின் ஒடிசாவிலும் தோன்றிற்று. 2020இல் இலங்கையின் வட மாகாணத்தில் தலைகாட்டியது. 2022இல் இராசஸ்தான், குசராத் முதலிய பகுதிகளில் பெருகியபோது இந்தியாவில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் மடிந்தன. 2023இல் நமது நாட்டின் பல மாகாணங்களில் இது மீண்டும் பரவவே, மாடுகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வது கட்டுப்படுத்தப்பட்டது. நம் முன்னோர் கைக்கொண்ட மாட்டு வாகடங்களிலே இந்நோய்க்கென்று மருந்து தேடுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்கள் காணாத நோய் இது. அவர்கள் அறிந்த அம்மைக்கும் புண்ணுக்கும் எழுதி வைத்த முறைகளையே நாம் இதற்கு எடுத்துக் கையாளுகின்றோம்.

நோயின் குறிகளைச் சொல்கிறேன். முதலிற் கடும் காய்ச்சல் காணும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். மாடு தீன் எடாது, பால் திடீரெனக் குறையும். தோளின் முன்னும் தொடையின் முன்னும் உள்ள நெறிகள் வீங்கும். ஓரிரு நாளில் கழுத்து, முதுகு, மடி, கால் எங்கும் இரண்டு முதல் ஐந்து சதமமீற்றர் அகலமான உறுதியான கழலைகள் எழும். சில மாடுகளுக்குக் கால் வீங்கி நடக்க முடியாது போகும். பின்னர் கழலையின் நடுப்பகுதி காய்ந்து கழன்று, குழிந்த புண் தோன்றும். சினைப்பசு கன்றை வீசுவதும், பொலிகாளை சில காலம் பயன்படாது போவதும் உண்டு. மனிதருக்கு இந்நோய் தொற்றுவதில்லை. பாலை எப்போதும் போல நன்கு காய்ச்சியே அருந்துங்கள்.

இனி நாட்டு மருந்துக்கு வருவோம். சென்ற மாதம் நிந்தவூரிலே பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, “தம்பி, ஊசி போட்ட மாடும் எழும்பிட்டு, வேப்பிலை அரைச்சுப் பூசின மாடும் எழும்பிட்டு. அப்ப எதுதான் மருந்து?” என்று கேட்டார். இதனினும் நல்ல கேள்வியை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. அவருக்கு அன்று கூறிய விடையையே இங்கும் கூறுகிறேன்.

இந்நோய் கண்ட மாடுகளில் இறப்பவை பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரையில் என்பது உலக விலங்குச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எஞ்சிய தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை மெலிந்தும் வடுப்பட்டும் பிழைக்கின்றன. நூறு மாடுகளுக்கு ஒருவர் வெறும் பச்சைத் தண்ணீரை மந்திரித்துக் கொடுத்தாலும் அவற்றிற் பெரும்பாலானவை எழுந்து நிற்கும்; தண்ணீருக்குப் பெயர் வந்துவிடும். ஊசிக்கும் இதே நியாயம் பொருந்தும். கழலை நோயின் வைரசைக் கொல்லும் மருந்து ஆங்கில வைத்தியத்திலும் இல்லை. மிருக வைத்தியர் போடும் ஊசி காய்ச்சலையும் நோவையும் தணிப்பதற்கும், புண்ணில் வேறு கிருமி சேர்ந்து சீழ் பிடிக்காமற் காப்பதற்குமே. ஆகவே, “எது நோயை மாற்றிற்று?” என்று கேட்பதிலும், “மாடு தன் உடம்பினாலே நோயை வெல்லும் வரையில் அதற்கு எது துணை நின்றது?” என்று கேட்பதே பொருத்தமாகும். இவ்வாறு கேட்டால் நாட்டு மருந்துக்கும் ஓர் இடம் உண்டு.

அந்த இடத்தை நன்கு ஆராய்ந்து ஒழுங்குபடுத்தியவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டின் தஞ்சாவூரிற் பணியாற்றிய கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி. அவர் வகுத்த முறைகளை இந்தியாவின் தேசிய பால்பண்ணை வளர்ச்சிச் சபை கமக்காரரிடையே பரப்பியுள்ளது. பொருள்கள் யாவும் நமது வளவிலும் கடைத்தெருவிலும் கிடைப்பவையே.

உள்ளுக்குக் கொடுப்பது: வெற்றிலை பத்து, மிளகு 10 கிராம், கல்லுப்பு 10 கிராம். இவற்றை அம்மியில் அரைத்து, வேண்டிய அளவு வெல்லமோ பனங்கட்டியோ சேர்த்துப் பிசைக. இது ஒரு வேளைக்குரியது. முதல் நாள் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறையும், மறுநாள் முதல் இரண்டு கிழமைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று முறையும் கொடுத்தல் வேண்டும். ஒவ்வொரு வேளையும் புதிதாகவே அரைக்க வேண்டும். உள்ளி, மல்லி, நற்சீரகம், துளசி, நிலவேம்பு முதலான பதினான்கு சரக்குகள் கொண்ட வேறொரு மருந்தும் அம்முறையில் உண்டு. அத்தனையையும் தேடி அலைந்து ஒரு நாளைப் போக்குவதிலும், அந்த நேரத்திற் கொட்டிலைத் துப்புரவு செய்வது மேல் என்பது என் அபிப்பிராயம்.

புண்ணுக்குப் பூசுவது: குப்பைமேனி இலை, வேப்பிலை, துளசி, மருதோன்றி இலை ஆகியவை வகைக்கு ஒரு கைப்பிடி, உள்ளி பத்துப் பல், மஞ்சள் தூள் 20 கிராம். இவற்றை நன்றாக அரைத்து, 500 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ இட்டுக் காய்ச்சி ஆற வைக்க வேண்டும். புண்ணை முதலிற் சுத்தமான நீராற் கழுவி, ஈரம் துடைத்து, பின்னர் பூசுக. புழு விழுந்திருப்பின் முதல் நாள் மட்டும் அன்னமுன்னா இலையை அரைத்து வைக்கலாம். அல்லது கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயை இடலாம். இம்மருந்து காய்ந்த பொருக்கை இளக்கும், புண்ணில் ஈ மொய்க்காமற் காக்கும். வாய்மருந்தில் உள்ள வெல்லமும் உப்பும் காரமும் தீன் மறுத்த மாட்டின் நாவைத் தூண்டி அதனைத் தின்ன வைக்கும். இவையே பெரும் உபகாரங்கள். வைரசைத் துரத்துவதாக எண்ணி அல்ல, இவற்றுக்காகவே கொடுங்கள்.

கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். நாக்கை இழுத்துப் பிடித்து, மூங்கிற் குழாயாலோ போத்தலாலோ மருந்து நீரை வாயில் ஊற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. காய்ச்சலால் தளர்ந்த மாட்டுக்கு அந்நீர் சுவாசப்பைக்குள் இறங்கி, கழலை நோயால் இறவாத மாடு நெஞ்சுச் சளியால் இறந்துவிடும். மேற்கூறிய மருந்தைக் களியாகவே வைத்து, சிறிது சிறிதாக நாக்கிலும் கடைவாயிலும் தடவுங்கள். மாடு தானே நக்கி விழுங்கும்.

சில பொருள்களை மருந்தென்று சொல்லவே கூடாது. மண்ணெண்ணெயையும் உழவு இயந்திரத்தின் பழைய ஒயிலையும் புண்ணிற் பூசுகிறவர்கள் இருக்கின்றனர். அவை தசையைச் சுட்டுப் புண்ணைப் பெரிதாக்குவன. கழலையின் மேல் குறி சுடுதல் அதனிலும் தீது, ஈக்கு இன்னொரு வாசல் திறந்து விடுவதற்கே அது ஒப்பாகும். மரக்கறித் தோட்டக்காரருக்கு ஒரு தனி எச்சரிக்கை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் பூச்சிநாசினி தெளிகருவியில் எஞ்சியிருந்தால், ஈ உண்ணிக்கென்று அதை மாட்டின் மேல் தெளிக்க மனம் ஏவும். ஒருபோதும் அவ்வாறு செய்யாதீர்கள். மாடு உடலை நக்கும், நஞ்சு உள்ளே போகும், பாலிலும் கலக்கும். மாட்டுக்குரிய உண்ணி மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டுப் பெறலாம்.

இதுவரை கூறியது நோய் கண்ட மாட்டுக்கு. நோய் காணாத மாட்டை எந்த இலையும் காக்க மாட்டாது. அங்கே நமது எதிரி ஈயும் நுளம்பும் உண்ணியுமே. கொட்டிலைச் சுற்றித் திரியும் கடியீ ஒரு மாட்டிற் பாதி இரத்தம் குடித்து, விரட்டப்பட்டு, பக்கத்து மாட்டில் மீதியைக் குடிக்கின்றது. அதன் வாயில் ஒட்டிய கிருமியும் உடன் செல்கின்றது. இந்த ஈ பெருகுமிடம் எது என்று பார்த்தால் நம்முடைய ஈர வைக்கோலும் சாணமும் மூத்திரமும் கலந்து புளிக்கின்ற குவியலே. மாரி காலத்தில் ஒவ்வொரு கொட்டிலின் பின்னாலும் அதனைக் காணலாம். கிழமைக்கு ஒரு முறையேனும் அதை வாரி, கொட்டிலுக்குத் தூரத்தில் இறுக்கமாகக் குவித்துப் பொலித்தீனால் மூடி விடுங்கள். உள்ளே எழும் சூட்டில் ஈயின் புழு சாகும், தோட்டத்துக்கு நல்ல எருவும் ஆகும். மாலையில் வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டுப் புகை போடும் பழைய வழக்கம் மிகவும் நல்லது. ஆயினும் மூடிய கொட்டிலில் மாட்டின் கண்ணும் மூச்சும் கெடும்படி புகைத்தல் ஆகாது. நோயுற்ற மாட்டைத் தனியே, இயலுமானால் நுளம்பு வலைக்குள் கட்டுங்கள். அதற்குத் தீன் வைப்பவர் மற்ற மாடுகளை முதலிற் கவனித்துவிட்டு இறுதியிலேயே அதனிடம் செல்லவேண்டும். உதிரும் பொருக்குகளைப் பெருக்கி எரித்துவிடுங்கள். காய்ந்த பொருக்கில் இக்கிருமி ஒரு மாதத்துக்கு மேலும் உயிர்த்திருக்கும்.

அடுத்து மாடுகளின் போக்குவரத்து. ஈ பறக்கும் தூரம் சிறிது, லொறி ஓடும் தூரம் பெரிது. உடம்பிற் கிருமி புகுந்து 28 நாள் வரை குறி காட்டாத மாடும் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளை அண்டி உழ்ஹிய்யாவுக்காக வெளியிடங்களிலிருந்து மாடுகள் நமது ஊர்களுக்கு வந்து சேர்கின்றன. வெளிப்படையாக நோயுற்ற பிராணி உழ்ஹிய்யாவுக்கு ஆகாது என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். அது உலமாக்கள் விளக்க வேண்டிய விடயம். வாங்கும் அன்று கழலையே இல்லாத மாட்டைப் பற்றியதே என் கவலை. அது ஒரு கிழமை உங்கள் வளவில் நின்றாலும் போதும், பக்கத்து வீட்டுக் கறவைப் பசுவுக்கு நோய் கொடுத்துவிடும். கூடுமாயின் ஒரு மாதத்துக்கு முன்னரே வாங்கித் தனியே கட்டி வைத்துப் பாருங்கள். இயலாதவர் அயலிலுள்ள, பழக்கமான பட்டியிலேயே வாங்கலாம். நோய் கண்ட இடத்திலிருந்து மாடுகளைக் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்த 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் அதிகாரம் அளிக்கின்றது. கழலை கண்டவுடன் வந்த விலைக்கு மாட்டைத் தள்ளிவிடுவோர், தம் நட்டத்தை மற்றொருவரின் கொட்டிலுக்கு அனுப்புகின்றனர். வாங்குபவரோ பெரும்பாலும் நம்மைப் போன்ற இன்னொரு கமக்காரராகவே இருப்பார்.

தடுப்பூசியைப் பற்றிச் சிலருக்கு ஐயம் இருக்கின்றது. ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கம் கண்டு, “ஊசியாலேயே நோய் வந்தது” என்று கூறுவோர் உளர். அவ்வீக்கம் சில நாளில் வற்றிவிடும். ஊசியின் காப்பு உடம்பில் ஏறுவதற்கு மூன்று கிழமைகள் வரை செல்லும். அதற்கிடையில் வரும் நோய் பெரும்பாலும் முன்னரே உடலுட் புகுந்த நோயாகும். மூத்தவர்கள் வெக்கை நோயை நினைவிற் கொண்டிருப்பர். 1987இல் அது இலங்கையின் வடக்குக் கிழக்கில் மீண்டும் வந்து மந்தை மந்தையாக மாடுகளை வீழ்த்தியது. 2011இல் அந்நோய் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதை ஒழித்தது தடுப்பூசியே. கழலை நோய்க்கும் ஊசி உண்டு. ஆனால் அது நோய் வருமுன் போடுவதற்கு உரியது. பட்டிகள் வயலுக்கு இறங்கும் முன், மாசி பங்குனியை எதிர்பாராமல், இப்பகுதிக்குரிய அரச மிருக வைத்தியர் அலுவலகத்திற் கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். நாலைந்து பட்டிக்காரர் சேர்ந்து ஒரே நாளில் மாடுகளைக் கட்டி வைத்தால் அலுவலருக்கும் வந்து போதல் எளிதாகும்.

வீட்டு மருந்தோடு நின்றுவிடக் கூடாத குறிகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். மாடு இரண்டு நாளாகத் தண்ணீரும் குடியாதிருத்தல், மூச்சு இரைத்தல், கால் வீங்கிப் படுத்துவிடுதல், மடியிற் புண் கண்டு கன்று ஊட்ட முடியாது போதல், சினைப்பசுவுக்குக் காய்ச்சல், சிறு கன்றுக்குக் கழலை ஆகிய இவற்றுள் எதனைக் கண்டாலும் அன்றைக்கே வைத்தியரை அழையுங்கள். நீங்கள் என்ன இலை கொடுத்தீர்கள், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். ஊசி மருந்து போட்ட பின் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டறிந்து, கொட்டிற் கம்பத்திலே கரியால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.