முன்பணம் என்னும் விலங்கு
(டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவுப் பேருரை, திருவண்ணாமலை)



அண்ணல் மறைந்த நாளில் நாம் கூடும்போது பல ஆண்டுகளில் இந்த ஊர் தீபத் திருவிழாக் காலத்தை ஒட்டி இருக்கும். விடுதிகளில் அறை கிடைக்காது. ஓட்டல் அடுப்புகள் அணையாது. கிரிவலப் பாதையில் போன ஆண்டு காலி மனையாக இருந்த இடத்தில் இந்த ஆண்டு மூன்று மாடி நிற்கும். நம் வாசிப்பறையும் அப்படி எழுந்ததுதான். அதன் சுவரைப் பற்றி இன்று பேச வேண்டியிருக்கிறது.

அந்தச் சுவருக்குக் கல் ஏற்றி வந்த லாரியில் பத்து வயதிருக்கும் ஒரு பையன் இருந்தான். பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டோம். "அட்வான்ஸு தீரலண்ணா" என்றான். கேட்டுக்கொண்டோம். கல்லை இறக்கினோம். ஆயிரத்துக்கு இருநூறு ரூபாய் குறைத்துப் பேசிப் பணம் கொடுத்தோம். லாரி போய்விட்டது. அதன் எண்ணைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. பிறகு அந்த அறைக்கு அண்ணலின் பெயரைச் சூட்டினோம்.

தீராத அந்த அட்வான்ஸ் எப்படி வேலை செய்கிறது? பொங்கலை ஒட்டி மேஸ்திரி சேரிக்கோ இருளர் குடியிருப்புக்கோ வருகிறார். கல்யாணம், மருத்துவம், பழைய கடன் என்று ஒரு தேவை அங்கே காத்திருக்கும். கையில் முன்பணம் கொடுக்கிறார். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் சூளைக்குப் போகிறார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. கணக்கு ஆண் பெயரில் இருக்கும். மண் குழைக்கும் பெண்ணுக்கும் கல் திருப்பிப் போடும் பிள்ளைக்கும் கணக்கே இல்லை. வாரத்துக்கு ஒருமுறை சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் காசு. மழை பெய்து பச்சைக்கல் கரைந்தால் நட்டம் அறுத்தவருக்கு. பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் அடுத்த ஆண்டின் முன்பணம்.

இது புதிதல்ல. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1891இல், பக்கத்துச் செங்கல்பட்டின் ஆட்சியர் டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்துக்கு வித்திட்டது என்று நாம் கொண்டாடும் அறிக்கை அது. கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனுக்காகத் தம்மையே எழுதிக் கொடுத்த படியாள்களைப் பற்றியும் அது பேசுகிறது. நிலம் பற்றிய பகுதியை மேடைதோறும் சொல்கிறோம். கடன் பற்றிய பகுதியை மறந்துவிட்டோம்.

அண்ணல் மறக்கவில்லை. சிறு துண்டு நிலத்தையும் கொஞ்சம் தானியத்தையும் காட்டி மகர் குடும்பங்களை ஊர் வேலைக்குக் கட்டிப்போட்ட வதன் முறைக்கு எதிராக, 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். நம் அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பும் கட்டாய உழைப்புதான் என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கிலி பூட்டியிருக்க வேண்டியதில்லை. பசியும் வறுமையும் கட்டாயப்படுத்தினாலும் அது கட்டாயம்தான்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இன்னும் தெளிவானது. கொத்தடிமைக் கடன் எதுவானாலும் அது அழிந்துவிட்டது என்கிறது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மீது வைக்கிறது. மாவட்டத்திலும் உட்கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கிறது. ஆனால் தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமும்தான். அந்த இரண்டாயிரம் எந்தச் சூளைக்காரரையும் பயமுறுத்தாது.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேர் மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படத்தை நாடே பார்த்தது. நாமும் பகிர்ந்தோம், கண்ணீர் விட்டோம். அவர்கள் வெட்டிய மரம் எந்த அடுப்புக்குப் போயிற்று என்று நாம் கேட்கவில்லை.

அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு. பிரிட்டனில் 2015இல் நவீன அடிமை முறைச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 3 கோடியே 60 லட்சம் பவுண்டும் அதற்கு மேலும் புரளும் நிறுவனங்கள் தம் சரக்கு வரும் வழியில் அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தோம் என்று அறிக்கை தர வேண்டும். நம் ஊர் ஓட்டலையும் விடுதியையும் மேஸ்திரியையும் அப்படி ஒரு சட்டம் கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும். வீடு கட்டும் ஆசிரியர்கள், கடை வைத்திருக்கும் தோழர்கள், ஒப்பந்தம் எடுக்கும் தம்பிகள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரிகளில் நம் தெருக்காரர்களும் உண்டு. அதை மறைத்துப் பேச இந்த மேடை தேவையில்லை.

கல் வாங்கும் முன் சூளைக்கே போய் நான்கு கேள்வி கேளுங்கள். முன்பணம் எவ்வளவு, கழித்த கணக்கு தொழிலாளி கையில் எழுத்தாக இருக்கிறதா? பெண்ணின் கூலி பெண்ணின் பெயரில் தரப்படுகிறதா? ஊரில் ஒரு சாவு என்றால் மொத்தக் குடும்பமும் போய் வர முடியுமா, அல்லது ஒருவரைப் பிணையாக நிறுத்திக்கொள்கிறார்களா? பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள்? நம் கடையிலும் இதே கேள்விகள் உண்டு. வேலைக்கு வந்த பையனின் ஆதார் அட்டையை யார் வைத்திருக்கிறார்கள்? முன்பணம் தீரும் வரை போகக் கூடாது என்று சொன்னோமா?

பதில் சரியில்லை என்றால் வேறு சூளையில் வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அந்தக் குடும்பம் அங்கேயேதான் இருக்கும். முதலாளியிடம் போய்ச் சண்டை போடவும் வேண்டாம். இரவோடு இரவாக ஆட்களை வேறிடம் மாற்றிவிடுவார்கள். கோட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். விடுதலைச் சான்றிதழ் கையில் வரும் வரை கூட நில்லுங்கள். அந்தத் தாள் இல்லாமல் மறுவாழ்வு உதவி இல்லை. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. லட்சக்கணக்கில் சொல்லப்படும் பெருந்தொகையோ வழக்கின் முடிவைப் பொறுத்தது. அதுவரை அந்தக் குடும்பம் சாப்பிட வேண்டும். மேஸ்திரி திரும்பவும் முன்பணத்தோடு வாசலில் நிற்பார். அப்போது அந்த வாசலில் நாமும் நிற்க வேண்டும். ரேஷன் அட்டைக்கும் சாதிச் சான்றுக்கும் அலையும் இருளர் குடும்பத்தோடு அலுவலகம் அலுவலகமாக நடக்க வேண்டும்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரத்துக்கு இருநூறு ரூபாய் குறைத்தோம் என்றேனே, அதை முதலாளி தன் லாபத்திலிருந்து தந்திருப்பார் என்று நம்ப நமக்கு வழியில்லை. அந்தப் பையனின் அம்மா அறுத்த கல்லிலிருந்துதான் அது வந்திருக்கும்.

வாசிப்பறையின் அடுத்த சுவர் இன்னும் எழவில்லை. சூளையை நேரில் பார்த்து, கணக்கைப் பார்த்து, கேட்ட விலையைக் கொடுத்துத்தான் இனி கல் வாங்குவோம் என்று இந்த அமைப்பு தீர்மானம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதில் முதல் கையெழுத்து எங்களுடையது. அந்த லாரியை அனுப்பிவைத்தவர்கள் நாங்கள்தான்.

ஜெய் பீம்.