கணக்குக் காட்டும் தலைமை

 

ஒரு காலத்தில் தலைமை பிறப்பால் வந்தது. மாமனிதர்களே வரலாற்றை ஆக்குகிறார்கள் என்று 1840-இல் லண்டனில் பேசினார் தாமஸ் கார்லைல். தலைவர் முதலில் தொண்டராக இருக்க வேண்டும் என்று 1970-இல் எழுதினார் ராபர்ட் கிரீன்லீஃப்.

நம் நாவலூரிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடிய உத்திரமேரூரில் இவற்றுக்கெல்லாம் மூத்த கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தது, ஆண்டு 921. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடவோலையில் இடம்பெறக் கூடாது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. நிலமும் வேதக் கல்வியும் உடையவருக்கே அந்த வாய்ப்பு என்பது அதன் குறை. ஆனாலும் கணக்கு விஷயத்தில் அவர்கள் நம்மை விடக் கறார்.

சென்ற ஆண்டுக் கணக்கை நாங்கள் நான்கு மாதம் தாமதமாக வைத்தோம். யாரும் கேட்கவில்லை, அதுதான் எங்களுக்கு அச்சம் தருகிறது. நம் கையில் இருக்கும் ஜகாத்தும் ஸதகாவும் அமானிதம். ஆகவே இவ்வாண்டு பொதுக்குழுவில் கணக்கை வைத்த பிறகே நிர்வாகிகள் தேர்தல். அதில் எங்கள் பெயர்கள் இருக்காது. இளைஞர்கள் முன்வாருங்கள். வருகிறவர்களிடமும் தயங்காமல் கணக்குக் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பணிகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.