நம் கூலி அந்தத் தாளில் இருக்கிறது

(தொழிலாளர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

சர்வே என்றதும் விவசாயத் தோழர்களுக்கு நினைவு வருவது அளவுச் சங்கிலியும் எல்லைக் கல்லும்தான். மனிதர் வாழ்க்கையை அளக்கும் சர்வேயும் உண்டு. தாளும் கையுமாக ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். "மாதம் எவ்வளவு அரிசி வாங்குகிறீர்கள்? வாடகை எவ்வளவு?" என்று கேட்கிறார். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அது தவறு. நம் கூலி அந்தத் தாளில் இருக்கிறது.

எப்படி? ஆலைத் தொழிலாளியின் பஞ்சப்படி விலைவாசிக் குறியீட்டு எண்ணைப் பொறுத்து ஏறுகிறது. அந்த எண் வானத்திலிருந்து விழுவதல்ல. முதலில் தொழிலாளர் குடும்பங்களின் செலவைக் கேட்டறிந்து, உணவுக்கு இத்தனை பங்கு, வாடகைக்கு இத்தனை பங்கு என்று எடை வைக்கிறார்கள். பிறகு விலை ஏற்றத்தை அந்த எடைப்படி கணக்கிடுகிறார்கள். வாடகையின் பங்கு குறைவாக எழுதப்பட்டால், வாடகை இரட்டித்தாலும் குறியீடு அதற்கேற்ப ஏறாது.

விவசாயத் தொழிலாளர் குறியீட்டைப் பாருங்கள். 1986-87ஐ 100 ஆகக் கொண்ட வரிசையின் எடைகள் 1983-ல் எடுத்த செலவுக் கணக்கிலிருந்து வந்தவை. 100-ல் சுமார் 69 பங்கு உணவுக்கு! பள்ளிச் செலவும் வைத்தியச் செலவும் பஸ் கட்டணமும் பெருகின. வீட்டுக்கு வீடு போன் வந்தது. ஆனாலும் 2020 கடந்தும் தராசில் கிடந்தது அந்தப் பழைய எடைக்கல்லே. 2011 முதல் நூறு நாள் வேலைக் கூலியை ஆண்டுதோறும் திருத்தியதும் இதை வைத்துத்தான். 2019ஐ அடிப்படையாகக் கொண்ட புது வரிசை 2025-ல்தான் வந்தது.

ஆகவே எந்த சர்வேயையும் நாம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

யாரைக் கேட்டார்கள்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆனால் பானையைக் கிளறாமல் மேலாக எடுத்த சோறு, அடி வெந்ததா என்று சொல்லுமா? ரோட்டோர வீடுகளில் கேட்டுவிட்டுச் சேரிக்குள் நுழையாமல் திரும்பினால் அது ஊர்க் கணக்கல்ல.

எங்கே வைத்துக் கேட்டார்கள்? மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது கூலியைப் பற்றி எவன் வாய் திறப்பான்?

எப்போது கேட்டார்கள்? அறுவடை மாதத்தில் கேட்டால் எல்லோருக்கும் வேலை இருக்கும். வேலையற்ற மாதங்கள் மறைந்துவிடும்.

எப்படிக் கேட்டார்கள்? "கூலி போதுமானதாக இருக்கிறதல்லவா?" என்பது கேள்வியல்ல, பதிலை வாயில் திணிப்பது.

சரியாகக் கேட்பது எப்படி என்பதற்கு முன்மாதிரி உண்டு. 1880-ல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளருக்காக நூறு கேள்விகள் தயாரித்தார். "நீ ஏழையா?" என்று அவர் கேட்கவில்லை. எத்தனை மணி நேர வேலை, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம், வேலைக்கு வரும் குழந்தைகளின் வயது என்ன, விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈடு உண்டா, வாடகை எவ்வளவு என்று கேட்டார். பதில் அனுப்புவோரின் பெயர் அனுமதியின்றி வெளியிடப்படாது என்ற உறுதியும் தரப்பட்டது. 25,000 பிரதிகள் போயின. வந்த பதில்களோ மிகச் சில. தாளை அனுப்பினால் மட்டும் போதாது. ஆளும் போக வேண்டும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

சர்க்கார் கணக்கெடுப்பாளர் வந்தால் கூட்டாமல் குறைக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். கடனைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். கூடவே நாமும் எடுப்போம். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிப் போகட்டும். பூட்டிய வீட்டை விட்டுவிடாதீர்கள். வேலைக்குப் போனவர் திரும்பும் மாலையில் மறுபடி போங்கள். பெண்களிடம் தனியே கேளுங்கள். அடுப்புக் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். நமக்குச் சாதகமில்லாத பதிலையும் அப்படியே எழுதுங்கள். ஒரு பொய்க் கணக்கு போதும், மற்றவை எல்லாவற்றையும் முதலாளி தள்ளிவிட.

அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் அவர்கள் மேஜைமேல் அவர்கள் கணக்கு இருக்கும். நம் கையில் நம் கணக்கு இருக்கட்டும், தோழர்களே!