பாம்பு உண்ண மறுக்கும் மாதங்கள்



பாம்பென்றதும் நம்மவர்க்குப் புற்றும் பாம்பாட்டியின் கூடையுமே நினைவுக்கு வரும். நாயையும் கிளியையும் போலப் பாம்பையும் வீட்டில் வளர்ப்பார் உளரோ என்று நீங்கள் வியக்கலாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இலட்சக்கணக்கான பாம்புகள் வீடுகளிலே, கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வாழ்கின்றன. அவற்றை வளர்ப்போரை ஆண்டுதோறும் கலங்கவைக்கும் ஒரு நிகழ்ச்சியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இலையுதிர் காலம் முடிந்து குளிர் தொடங்குகின்றது. அதுவரை வாரந்தோறும் எலியொன்றைத் தவறாது விழுங்கிவந்த பாம்பு, திடீரென முகத்தைத் திருப்பிக்கொள்கின்றது. ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என அந்த நோன்பு நீள்கின்றது. பட்டினியால் இறந்துவிடுமோ என்று வளர்ப்பவர் நெஞ்சம் பதைக்கின்றார்.

இத்தகைய நோன்புக்குப் பெயர்பெற்றது அரச மலைப்பாம்பு. கானா, தோகோ, பெனின் முதலிய ஆபிரிக்க நாடுகளே அதன் தாயகம். மூன்று அடி முதல் ஐந்து அடி வரை வளரும். அச்சமுற்றால் தலையை நடுவே மறைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். பெனின் நாட்டு ஊய்தா நகரிலே இப்பாம்புக்குக் கோயிலும் உண்டு. அப்பகுதிகளின் தென்பாகத்தில் ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை வறட்சிக் காலம். இணைசேர்தலும் முட்டையிடுதலும் பெரும்பாலும் இக்காலத்தை ஒட்டியே நிகழ்கின்றன. அப்போது ஆண் பாம்பு துணையைத் தேடுமேயன்றி இரையைத் தேடாது. பெண்ணோ முட்டைகளைச் சுற்றி வளைந்து, அவை பொரிக்கும் வரை ஏறத்தாழ இரண்டு மாதம் காவல் கிடக்கும். பெட்டியிலே பிறந்து, ஆபிரிக்க மண்ணையே காணாத பாம்பும் இந்தப் பஞ்சாங்கத்தை மறப்பதில்லை என்பதுதான் வியப்பு.

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரிய சோளப் பாம்பின் கதை சற்று வேறு. குளிர் மிகுந்த இடங்களில் அது மண்ணுக்கடியிலும் மரவேர்ப் பொந்துகளிலும் ஒடுங்கிக் கிடக்கும். அதனை இனம்பெருக்க விரும்புவோர் இந்த ஒடுக்கத்தைத் தாமே உண்டாக்குகின்றனர். முதலில் உணவை நிறுத்தி, இரண்டு வாரமளவு வெதுவெதுப்பில் வைத்துக் குடலை வெறுமையாக்குவர். பின்னர்ப் படிப்படியாகக் குளிர்வித்து, பத்துப் பன்னிரண்டு பாகை செல்சியசு அளவில், இருளிலே இரண்டு மூன்று மாதம் விட்டுவைப்பர். உணவு இல்லையெனினும் தண்ணீர்க் கிண்ணம் மட்டும் எப்போதும் இருக்கவேண்டும்.

குடலை ஏன் வெறுமையாக்கவேண்டும்? பாம்பின் உடற்சூடு சூழலின் சூட்டைப் பொறுத்தது. உடல் குளிர்ந்தால் செரிமானம் நின்றுவிடும். விழுங்கிய எலி வயிற்றிலேயே அழுகும். பாம்பு அதனைக் கக்கும், அல்லது அதனாலேயே மாளும். ஆகவே குளிர்காலத்தில் உண்ணாமை அப்பிராணிக்கு ஒரு பாதுகாப்பு.

இத்தனை நாள் எவ்வாறு தாங்குகின்றது என்பீர்கள். 1990களில் ஸ்டீபன் சீகோர், ஜாரெட் டயமண்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்தனர். பெரிய இரையை விழுங்கியபின் அதன் உடல் சத்தியைச் செலவிடும் வேகம் நாற்பது மடங்குக்கும் மேலாக உயரக்கூடும். சிறுகுடலின் எடை இருமடங்காகும். செரித்து முடிந்ததும் குடல் மறுபடி சுருங்கிவிடும். சமையல் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிடும் சிக்கனக்காரியைப் போன்றது அவ்வுடல். 2020ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சென் லூயிஸ் மிருகக்காட்சிச்சாலையில், அறுபது வயதைக் கடந்ததாக மதிக்கப்பட்ட அரச மலைப்பாம்பு ஒன்று முட்டையிட்டது. அத்துணை நீண்ட வாழ்நாளிலே சில மாத நோன்பு ஒரு பொருட்டா?

தீங்கு பெரும்பாலும் இரக்கத்தின் வழியாகவே வந்துசேர்கின்றது. பாம்பு பசிக்கட்டும் என்று உயிருள்ள எலியை இரவு முழுவதும் பெட்டிக்குள் விட்டுவைப்பார் உளர். பசித்த எலி, அசையாது கிடக்கும் பாம்பின் முதுகைக் கடித்துப் புண்ணாக்கிவிடும். வாயைப் பிளந்து இரையைத் திணிப்பாரும் உளர். அதனால் வாயும் தொண்டையும் காயமுறும், பாம்பும் வெருண்டு பின்னும் உண்ண மறுக்கும். நம் நாட்டில் புற்றிலே பால் வார்ப்பதும் அன்பினாலேதான். ஆயினும் பால் பாம்பின் உணவன்று. தாகத்தால் வாடிய பாம்பு எந்த நீர்மத்தையும் குடிக்கும், அவ்வளவே.

அப்படியானால் நோன்பையும் நோயையும் பிரித்தறிவது எங்ஙனம்? தராசைக் கேளுங்கள் என்கின்றனர் அனுபவமிக்கோர். வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவைத்தால், நலமுள்ள பாம்பின் எடை மாதக்கணக்கில் சிறிதே குறைவது தெரியும். பத்தில் ஒரு பங்குக்கு மேற் குறைந்தாலும், முதுகெலும்பு புடைத்துத் தோன்றினாலும், வாயோரம் நுரை கட்டினாலும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும், அது நோன்பன்று. உடனே மிருக வைத்தியரை நாடவேண்டும். இளங்குட்டிகளின் செய்தியும் வேறு. அவற்றின் உடலிற் சேமிப்பு இல்லையாதலால் நீண்ட பட்டினியை அவை தாங்கமாட்டா.

இளவேனில் தொடங்கியதும், மறைவிடத்தின் வாயிலில் தலையை வைத்து, நாவை நீட்டி நீட்டிக் காற்றை முகரும் பாம்பை மாலை வேளைகளிலே காணலாம். குளிர்விக்கப்பட்டிருந்த பாம்பாயின் சில நாள் நன்கு வெதுவெதுப்பில் வைத்தபின்னரே இரை காட்டுவர். முதல் எலி வழக்கத்தினும் சிறியதாயிருத்தல் நன்று; சுருங்கிய குடல் விரிவதற்குச் சற்று அவகாசம் வேண்டும்.