ஒப்புரவும் ஈகையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பிறர்க்கு உதவுதல் கருணையா, கடமையா என்னும் வினாவை இவ்விழாவில் உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன். கொடுப்பவனுக்கு இவ்விரண்டும் ஒன்றாகத் தோன்றலாம். பெறுபவனுக்கு அவை ஒன்றல்ல.

திருக்குறளில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அதனை அடுத்து வருவதே ஈகை. வறியவர் வந்து கேட்க, இல்லையென்னாது வழங்குதல் ஈகை. கேட்பார் வரும்வரை காத்திராது, ஊரோடு ஒத்து வாழ்வான் தானே அறிந்து செய்யும் கடமை ஒப்புரவு. இதற்கு வள்ளுவர் காட்டும் உவமைகள் மழையும், ஊருணியும், ஊர் நடுவே பழுத்த மரமும் ஆகும். ஊருணியில் நீர் மொள்ளும் பெண் எவர்முன்னும் கைகட்டி நிற்பதில்லை. குடத்தை நிறைத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கின்றாள். ஆயின், அந்த நீர்நிலையிலும் சாதியின் பெயரால் சிலரை ஒதுக்கிய கொடுமை நம் ஊர்களில் நிகழ்ந்ததை மறைத்தல் தகாது. எல்லார்க்கும் உரியதாகும்போதே அது ஊருணி.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கதையை அறிவீர்கள். அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கெல்லாம் அவன் உணவளித்தான். மழை பொய்த்திருந்த பாண்டி நாட்டில் இந்திரன் மழை பெய்வித்தபின், அவனிடம் உணவு பெறுவார் எவரும் இலராயினர். இந்திரன் செய்தது சினத்தால். எனினும் அக்கதை நம்மை ஒன்று கேட்கின்றது. நாம் விரும்புவது அமுதசுரபியின் பெருமையையா, அமுதசுரபி வேண்டப்படாத நாட்டையா? ஏழை என்றும் ஏழையாகவே நம் வாயிலில் நிற்கவேண்டும் என்று உள்ளூர விரும்பும் கொடை, அறமாகாது.

காமராசர் ஆட்சியில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. தட்டேந்தி வரிசையில் அமரும் குழந்தை எவரிடமும் இரப்பதில்லை, தனக்குரியதை உண்கின்றது. ஊர்ப்பொருளில் அமைந்த ஊருணி என்று இதனைச் சொல்லலாம்.

அன்பர்களே, கொடுப்பாரும் பெறுவாரும் இருவேறு குலத்தாரல்லர். 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை சென்னைக் கடற்கரைக் குப்பங்களையும் தாக்கியது. வீடும் வலையும் இழந்த மீனவர்க்கு நகரத்தார் உணவும் உடையும் வழங்கினர். 2015 திசம்பரில் பெருவெள்ளம் நகரைச் சூழ்ந்தபோது, மீனவர்களே படகுகளைத் தெருக்களில் செலுத்தி, மாடிகளில் தவித்தோரை மீட்டனர். பதினோராண்டில் கை மாறிவிட்டது! நாளை ஏந்தும் கை நம்முடையதாகலாம் என்பதை உணர்ந்தவன், இன்று கொடுக்கும்போது செருக்குறான். பெறுபவரை நிறுத்திப் படம்பிடித்துப் பறைசாற்றவும் மாட்டான்.

பத்தாண்டுகள் நாம் இலக்கியம் பயின்றோம். அப்பயிற்சியின் பயன் நம் தெருவில் தெரியவேண்டும். கட்டணமின்றிப் படிப்பு நிற்கும் மாணவன், மருந்துக்கு வழியற்ற முதியவர் ஆகியோரைத் தேடி அறிந்து, அவர்கள் வாய்திறந்து கேட்குமுன், பெயர் வெளிப்படாது உதவுவோம். பதினோராம் ஆண்டை அவ்வாறு தொடங்குவோமாக!