எண்ணிக்கையும் ஏற்றமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் முன்னோர் படைத்துறை அலுவலகங்களிலும், கட்கியிலுள்ள படைக்கலத் தொழிற்சாலையிலும், இரயில்வேயிலும் பணி தேடிப் புனே மாநகருக்கு வந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளோ, பாஷாணில் 1950 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்திலும், அதனை அடுத்துப் பின்னாளில் எழுந்த அறிவியல் கல்வி நிறுவனத்திலும், பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சி மாணவராக விளங்குகின்றனர். ஆதலின் நம் இல்லங்களில் இப்போது புதியதொரு கேள்வி பிறந்திருக்கின்றது. முன்பெல்லாம் "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்டோம். இன்று, "எத்தனை கட்டுரை வெளியிட்டாய்? எத்தனை பேர் அதனை மேற்கோள் காட்டினர்?" என்று கேட்கின்றோம். இக்கேள்வியின் பொருளையும் அளவையும் ஆராய்வதே இன்றைய எமது நோக்கம்.

மேற்கோள் என்பது தமிழருக்குப் புதிதன்று. தமக்கு முன் கூறியவரை நினைந்து, "புலவர் இவ்வாறு கூறுவர்" என்று உரைப்பது தொல்காப்பியர் காலத்து வழக்கு. யாப்பருங்கல விருத்தியுரைகாரர் எடுத்தாண்ட மேற்கோள்களாலன்றோ, மறைந்துபோன தமிழ் நூல்கள் பலவற்றின் பெயரையும் சில அடிகளையும் நாம் இன்று அறிகின்றோம்! ஆகவே மேற்கோள் என்பது கடன்பட்டதை ஒப்புக்கொள்ளும் நன்றியுரை. முன்னோர் சொல்லைக் காக்கும் வேலியும் அதுவே.

இந்நன்றியுரையை எண்ணத் தொடங்கியது பிற்காலத்து வழக்கம். அமெரிக்க நாட்டில் ஒரு தீர்ப்பினைப் பின்வந்த எத்தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று வழக்கறிஞர் அறிதற்பொருட்டு, 1873 இல் ஷெப்பர்டு என்பார் ஓர் அட்டவணை தொடங்கினார். அம்முறையை அறிவியலுக்குக் கொணரலாம் என்று யூஜீன் கார்ஃபீல்டு 1955 இல் எழுதினார். 1964 இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். நூலகப் பணிகளைக் கணித முறையால் அளந்தறிய வேண்டும் என்னும் கருத்தையோ, சீர்காழியிற் பிறந்த நம் எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள் அதற்கு முன்னரே, 1948 இல், இங்கிலாந்தில் கூடிய நூலகர் மாநாட்டில் எடுத்துரைத்து, அதற்கு 'லைப்ரமெட்ரி' என்று பெயரும் சூட்டினார்.

இனி, எண்ணிக்கையின் ஆற்றலையும் குறையையும் ஒருங்கே காட்டும் அறிஞர் ஒருவரின் வரலாற்றைக் காண்போம். அவர் நரேந்திர கர்மார்க்கர், குவாலியரில் பிறந்தவர், பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1978 இல் பட்டம் பெற்றவர். அவருடைய துறை செயல்முறை ஆராய்ச்சி எனப்படும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் உருப்பெற்ற இத்துறை, இருக்கும் பொருளையும் ஆளையும் நேரத்தையும் கொண்டு மிகுந்த பயன் பெறுவது எவ்வாறு என்பதைக் கணித்துரைப்பது. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சங்கம் 1957 இல் அமைந்தது.

இதன் கணக்கினை நம் இல்லத்தரசியர் நாள்தோறும் மனத்தாலேயே போடுகின்றனர். குறைந்த செலவில் குடும்பத்திற்கு வேண்டிய சத்தனைத்தும் கிடைக்க எந்தப் பருப்பு எவ்வளவு, எந்தக் காய் எவ்வளவு வாங்குவது? இத்தகைய கணக்கினை ஒழுங்குறத் தீர்க்கும் முறையொன்றை ஜார்ஜ் டான்சிக் 1947 இல் வகுத்தார். அம்முறையைச் சோதிக்க, 77 உணவுப் பொருள்களும் 9 சத்துகளும் கொண்ட ஒரு கணக்கினைக் கைப்பொறிகளால் தீர்த்தபோது, ஏறத்தாழ 120 ஆள்-நாள் உழைப்புத் தேவைப்பட்டது.

டான்சிக் வகுத்த முறையை விளங்கிக்கொள்ள நம் சனிவார் வாடாவை நினைமின். அதன் மதிலில் ஒன்பது கொத்தளங்கள் உள்ளன. அவற்றுள் மிக உயர்ந்தது எது என்று அறிய, மதிலின் மீதே ஒரு கொத்தளத்திலிருந்து அடுத்த கொத்தளத்திற்கு ஏறி ஏறிச் செல்வது போன்றது அம்முறை. ஒன்பது எனில் எளிது. கோடிக்கணக்கான மூலைகள் இருப்பின் என் செய்வது? மூலைகள் அனைத்தையும் சுற்றிவர நேரிடும் கணக்குகளும் உள என்று க்ளீ, மிண்டி என்னும் இருவர் 1972 இல் காட்டினர். 1979 இல் கச்சியன் என்னும் சோவியத்து அறிஞர் கண்ட வேறொரு முறை, கொள்கையளவில் விரைந்ததாயினும் நடைமுறையில் மெதுவாகவே நடந்தது. கர்மார்க்கரோ, மதிலை விட்டிறங்கி உள்முற்றத்தின் ஊடே நடந்து விடையை அணுகும் வழியைக் கண்டார். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றிய காலம் அது. அவருக்கு வயது 28. 1984 இல் வெளியான அக்கட்டுரை இருபத்துமூன்றே பக்கங்கள் கொண்டது. அவ்வாண்டு நவம்பர் 19 ஆம் நாள் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் அச்செய்தியை முதற்பக்கத்தில் வெளியிட்டது. 1988 இல் ஃபுல்கர்சன் பரிசு அவரை நாடி வந்தது. அதன்பின் அக்கட்டுரையை எடுத்தாண்டவர் ஆயிரக்கணக்கினர். நம் புனே நகரில் டாட்டா குழுமம் அமைத்த கணிப்பு ஆய்வு நிறுவனத்தின் தொடக்கக் காலத்திலும் அவர் அதனுடன் இணைந்திருந்தார். அந்நிறுவனம் உருவாக்கிய 'ஏகா' என்னும் மீக்கணினி, 2007 நவம்பரில் உலகத் தரவரிசையில் நான்காம் இடம் பெற்றது.

எண்ணிக்கையின் ஆற்றல் இது. குறை யாது? சைபீரியாவின் இர்க்குத்ஸ்க் நகரில் டிக்கின் என்றோர் அறிஞர் இருந்தார். உள்முற்றத்தின் வழியே செல்லும் முறையொன்றை அவர் 1967 இலேயே, கர்மார்க்கருக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே, இரஷிய மொழியில் வெளியிட்டார். மேலைநாட்டார் அதனைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. கர்மார்க்கர் கட்டுரை வெளிவந்த பின்னர், அதனை எளிமையாக்க முயன்ற பலர் ஒரு முறையைக் கண்டு, புதியதெனக் கருதினர். அஃது டிக்கின் முன்பே எழுதி வைத்த முறை என்பது பின்னரே தெரியவந்தது. அவ்விடைக்காலத்தில் மேற்கோளை மட்டும் எண்ணியிருப்பவர் டிக்கினைப் பற்றி என்ன முடிவு செய்திருப்பர்? கட்டுரையோ மாறவில்லை, அதில் ஓரெழுத்தும் கூடவில்லை. படித்தவர் தொகையே கூடியது. மேற்கோள் எண்ணிக்கை அளப்பது படித்து ஏற்றவரின் தொகையை. கருத்தின் பெருமையை அன்று. இரண்டும் பலகால் ஒன்றுபடும். சிலகால் பெரிதும் வேறுபடும்.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. ஒரு கருத்து உலகெங்கும் பரவிப் பாடநூலில் இடம்பெற்ற பின், அதனைக் கண்டவரின் பெயரைக் குறிப்பிடுவார் இலர். டான்சிக்கின் முறையை அன்றாடம் கையாளும் தொழிற்சாலைகளும் விமான நிறுவனங்களும் அவருடைய கட்டுரையையா புரட்டுகின்றன? முழு வெற்றி பெற்ற கருத்து மேற்கோளையே இழந்துவிடுகின்றது!

2005 இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்னும் இயற்பியலார் வகுத்த அளவு ஒன்று இன்று எங்கும் வழங்குகின்றது. ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையேனும் எடுத்தாளப்பட்டிருப்பின் அவர் அளவு பத்து. மூன்றே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டவரின் அளவோ மூன்றுதான்! தங்கத்தையும் தவிட்டையும் ஒரே படியால் அளத்தல் முறையாகுமா? இதழின் தரவெண்ணைக் கொண்டு தனியொருவரின் தகுதியை முடிவு செய்தல் ஆகாது என்று, 2012 இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்கள் சாற்றுரை வகுத்ததும் இதனாலேயே.

இவையெல்லாம் அறிஞருலகத்துச் செய்தி, நமக்கென்ன என்று தாய்மார்கள் எண்ணுதல் கூடும். நம் வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு. எண்ணிக்கையையே கேட்கும் உலகில், எண்ணிக்கையை விற்போரும் தோன்றினர். பணம் கொடுத்தால் ஆராயாமலே கட்டுரையை வெளியிடும் இதழ்கள் பெருகின. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்ப் பட்டியலின் ஒரு பகுதியை நம் புனேப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, தாம் நோக்கியவற்றுள் 88 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை தரம் குறைந்தனவாக இருக்கலாம் என்று 2018 இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினர். அவ்வாண்டு மே மாதத்தில் அக்குழு 4305 இதழ்களைப் பட்டியலினின்று நீக்கியது. பின்னர் நல்லிதழ்களைத் தெரிந்தெடுக்கும் பணியும் இப்பல்கலைக்கழகத்திடமே ஒப்படைக்கப்பெற்றது. அப்பட்டியலும் 2025 இல் கைவிடப்பட்டது. முனைவர் பட்டத்திற்குக் கட்டுரை வெளியிட்டே தீரவேண்டும் என்னும் பொது விதியை மானியக் குழு 2022 இலேயே தளர்த்திவிட்டது. எனினும் வேலை தேடுமிடத்தில் அவ்வெண்ணிக்கை இன்றும் கேட்கப்படுகின்றது. தந்தையார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், படிப்பாரற்ற இதழொன்றின் கட்டணமாகக் கரைவதும், ஐந்தாண்டு உழைத்த மகள் "உன் எண் சிறிது" என்னும் சொல்லால் மனமுடைவதும் நம் வீடுகளில் நிகழத்தக்கனவே.

ஆதலின் இளைஞர்களுக்கு யாம் கூறுவது இது: இதழைத் தெரிந்தெடுக்குமுன், உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் பெரியோர் அதில் எழுதுகின்றனரா, அதனைப் படிக்கின்றனரா என்று பாருங்கள். விரைவில் வெளியிடுவதாகக் கூறிப் பணம் கேட்கும் மடலுக்கு மயங்காதீர்கள். பிறர் கருத்தை எடுத்தாளும்போது, டிக்கினைப் போல் மறைந்து கிடப்பவரையும் தேடிக் கண்டு நன்றி கூறுங்கள்.

பெற்றோரே! உங்கள் மகனிடமோ மகளிடமோ எத்தனை கட்டுரை என்று கேட்குமுன், "எதனைக் கண்டுபிடிக்க முயல்கின்றாய்? எமக்கு விளங்குமாறு தமிழிற் சொல்" என்று கேளுங்கள். அவ்வாறு சொல்ல முயல்வதிலேயே அவர்தம் சிந்தனை தெளிவுறும், தமிழும் வளரும். விடை முற்றும் விளங்காவிடினும், தம் உழைப்பை வீட்டார் மதிக்கின்றனர் என்னும் உறுதி அவர்களுக்குக் கிட்டும். டிக்கினைப் போல் பதினேழாண்டு காத்திருக்க நேர்பவர்க்கும் அவ்வுறுதியே துணை நிற்கும்.